தினமும் தோளில் தொங்கும் கேமராவுக்கு எந்தக் கலர் நெகட்டிவ்?

#1 மாலைவெயில்

வணக்கம். பழைய மேனுவல் எஸ்எல்ஆர் ஒன்று, 50 எம்எம் லென்ஸ் ஒன்று, இவைதான் என் சொத்து. கல்யாணம், மாடல் ஷூட் எதுவும் எடுப்பதில்லை. வீட்டில் ஓடித் திரியும் மகள், கொடியில் காயும் துணி, ஜன்னலோரம் தூங்கும் பூனை, நடக்கும்போது கண்ணில் படுவது, அவ்வளவுதான்.

இதுவரை எட்டு ரோல் எடுத்துவிட்டேன், நாலு விதமான ஃபிலிமில். ஆனால் எதைப் பற்றியும் உறுதியாக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. கோடக் கோல்டு 200 முதல் ரோலில் வெயில் எல்லாம் தேன் ஊற்றிய மாதிரி வந்தது; இரண்டாவது ரோல் பச்சையடித்துப் போனது. அல்ட்ராமேக்ஸ் 400 ஒன்று அருமை, அடுத்தது சேறு. எக்டார் 100-ல் மகளின் முகம் காய்ச்சல் கண்ட மாதிரி சிவந்துவிட்டது. போர்ட்ரா 400 போட்டபோது விலையை நினைத்துப் பயந்து பயந்து எடுத்ததில், 36 படம் முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் மகள் ஒரு சட்டை அளவு வளர்ந்துவிட்டாள்.

ஒரே ஒரு ஃபிலிம் சொல்லுங்கள். அதையே பிடித்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டுகிறேன்.

#2 ஐம்பது_எம்எம்

கோல்டு 200. வேறு பேச்சே வேண்டாம்.

#3 நடைவண்டி

வீட்டுக்குள் ஓடும் குழந்தைக்கு 200-ஆ? அந்த எண் ஃபிலிமின் வேகம், எண் கூடக்கூடக் குறைந்த வெளிச்சமே போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவில் விளக்குப் போட்ட சாதாரண அறையில், லென்ஸை எஃப்/2 என்று அகலமாகத் திறந்தாலும் 200 ஃபிலிமுக்கு 1/15 நொடிதான் கிடைக்கும். 400 என்றால் 1/30. அதுவே குழந்தைக்குப் போதாது, கை ஆடாவிட்டாலும் குழந்தை ஆடும். 800 போட்டால்தான் 1/60.

பகலில் வெளியே மட்டும் என்றால் ஐம்பது_எம்எம் சொன்னது சரி. வெளியேயும் உள்ளேயும் ஒரே ரோல் என்றால் 400-க்குக் கீழே இறங்காதீர்கள். வெயிலில் 400 அதிகம் என்று சிலர் சொல்வார்கள். எஃப்/16, 1/500 வைத்தால் முடிந்தது. 1/1000 வரை ஷட்டர் இருக்கிற கேமராவில் எஃப்/11-க்கும் வரலாம்.

#4 இருட்டறை_ஆள்

மாலைவெயில், பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு கேள்வி. அந்தப் பச்சை ரோலின் நெகட்டிவ் உங்கள் கையில் இருக்கிறதா? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், நான் பல வருடம் மினிலேபில் (கழுவி உடனே பிரிண்ட் போடும் கடை) பிரிண்ட் போட்டவன். "இந்த ஃபிலிம் பச்சையடிக்கிறது" என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களின் நெகட்டிவை வாங்கிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். வெளிச்சம் போதாத நெகட்டிவ். நிழல் பகுதியில் ஃபிலிமில் எதுவுமே பதிந்திருக்காது. இல்லாததை எடுத்துக் காட்டச் சொல்லி மெஷினை விரட்டினால், அது கறுப்பைச் சாம்பலாக்கும், சாம்பலில் பச்சையோ ஊதாவோ ஏறும், கிரெயின், அதாவது படத்தில் தெரியும் புள்ளி, ரவை மாதிரி நிற்கும். சேறு என்று நீங்கள் சொன்னது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

கலர் நெகட்டிவ் வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைந்தால் பாதி. இரண்டு ஸ்டாப் கூடினாலும் நல்ல பிரிண்ட் எடுத்துவிடலாம், சில ஃபிலிமில் மூன்று வரைகூட. ஒரு ஸ்டாப் குறைந்தால் சமாளிக்கலாம். இரண்டு குறைந்தால் கதை முடிந்தது. ஸ்லைடு (நெகட்டிவாக இல்லாமல் நேரே படமாகவே வரும் ஃபிலிம்) எடுத்துப் பழகியவர்கள் இங்கே வந்து தடுமாறுவது இதில்தான். ஸ்லைடுக்கு இது அப்படியே தலைகீழ்.

இன்னொன்று. எந்தக் கம்பெனி ஃபிலிமானாலும் கழுவுவது ஒரே சி-41 முறையில்தான். 1972-ல் வந்த முறை. டெவலப்பர் 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 நொடி. 100-க்கும் அதே, 800-க்கும் அதே. ஆகவே ஒழுங்காக நடக்கிற லேபில் உங்கள் கோல்டு ஒரு நாள் தேனாகவும் ஒரு நாள் பச்சையாகவும் வருவதற்குக் கழுவியதைக் குற்றம் சொல்ல மாட்டேன். முதலில் எக்ஸ்போஷர் (ஃபிலிமில் விழுந்த வெளிச்சத்தின் அளவு), அடுத்து ஸ்கேன். அதற்குப் பிறகுதான் ஃபிலிம்.

#5 நெகட்டிவ்_பெட்டி

> அதற்குப் பிறகுதான் ஃபிலிம்

அண்ணன் சொல்வதில் பாதிக்குத்தான் ஒப்புக்கொள்வேன். எக்டாரையும் போர்ட்ராவையும் ஒரே நாளில், ஒரே லேபில் கொடுத்துப் பாருங்கள். ஒன்று மற்றொன்றாக ஆகாது.

எக்டார் 100, 2008-ல் வந்தது. செறிவான நிறம், கூர்மை, கிரெயின் கண்ணில் படாது. கதவு, சுவரொட்டி, கடல், பழம் எல்லாம் அதில் பார்க்க ஆனந்தம். ஆனால் முகம் என்று வந்தால் சிவப்பு தலைக்கேறும். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் நிழல் நீலமாகிவிடும். மாலைவெயில், உங்கள் மகளுக்குக் காய்ச்சல் இல்லை, அந்த ஃபிலிமின் குணமே அப்படி.

போர்ட்ரா முதலில் 1998-ல் வந்தது, என்சி, விசி என்று இரண்டு வகையாக. என்சி அடக்கமான நிறம், விசி கொஞ்சம் தூக்கலான நிறம். 2010-ல் இரண்டு 400-ஐயும் ஒன்றாக்கி இப்போதிருக்கும் போர்ட்ரா 400-ஐக் கொண்டுவந்தார்கள். தோல் நிறத்துக்கென்றே செய்த ஃபிலிம், பெயரிலேயே போர்ட்ரெய்ட் ஒளிந்திருக்கிறது. கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம், மெதுவாக ஏறும். அதனால்தான் எவ்வளவு வெளிச்சத்தைக் கொட்டினாலும் முகம் வெளுத்துப் போகாது.

கோல்டு இதற்கு எதிர்த்திசை. கான்ட்ராஸ்ட் கூட, மஞ்சள் கூட. 1980-களில் வந்த பெயர். நம்மில் பலருடைய சிறுவயது ஆல்பத்துக்கு அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? பாதி அந்த ஃபிலிம், மீதி பிரிண்ட் வயதாகிப் போனது.

அல்ட்ராமேக்ஸ் 400 முரட்டுப் பிள்ளை. கிரெயின் தெரியும், பச்சையும் சிவப்பும் துள்ளும். நடைவண்டி சொன்ன 400 கணக்குக்கு அதுதான் பொருந்தும். போர்ட்ரா போட்டால் பயந்து பயந்து எடுக்கிறேன் என்கிறவருக்கு போர்ட்ரா சிபாரிசு செய்வது பாவம்.

#6 டிஜிட்டல்_போதும்

இத்தனை தலைவலி எதற்கு? ஃபோனில் எடுத்து ஃபிலிம் ஃபில்டர் போட்டால் தேன், பச்சை, சேறு மூன்றும் கிடைக்கும்.

#7 ஐம்பது_எம்எம்

சேறு ஃபில்டரின் பெயரைச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

#8 மாலைவெயில்

எல்லோருக்கும் நன்றி. இருட்டறை_ஆள் கேட்டதற்காக நெகட்டிவ் எல்லாவற்றையும் ஜன்னலில் ஒட்டவைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அச்சாகச் சரி. தேன் ரோல் கெட்டியாக இருக்கிறது. பச்சை ரோலும் சேறு ரோலும் மெலிசு, பல படங்களில் ஆரஞ்சுப் பட்டையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. எல்லா ரோலையும் கேமராவின் மீட்டர் முள் நடுவில் நிற்கும்படி வைத்துத்தான் எடுத்தேன். ஒரே மீட்டர் எப்படி ஒரு ரோலில் நன்றாகவும் ஒரு ரோலில் மோசமாகவும் அளக்கும்?

#9 இருட்டறை_ஆள்

மீட்டருக்கு என்ன பேட்டரி போட்டிருக்கிறீர்கள்?

#10 மாலைவெயில்

வட்டமான சின்ன பேட்டரி, 1.5 வோல்ட் ஆல்கலைன். கேமராவோடு வந்த கையேட்டில் 1.35 வோல்ட் பாதரச பேட்டரி என்று போட்டிருந்தது. அது இப்போது கிடைப்பதில்லை என்றார்கள். அளவு சரியாக இருந்ததால் இதையே போட்டுக்கொண்டேன். 0.15 வோல்ட் வித்தியாசம் பெரிய விஷயமா?

#11 இருட்டறை_ஆள்

அந்தக் காலத்துப் பல கேமராக்களுக்குப் பெரிய விஷயம்தான். பாதரச பேட்டரியின் குணம் என்ன என்றால், சாகிற நாள்வரை 1.35-லேயே நிற்கும். அதை நம்பித்தான் மீட்டரை அமைத்தார்கள். 1.5 கொடுத்தால் முள் அதிகமாகத் தூக்கும். வெளிச்சம் நிறைய இருக்கிறது என்று கேமரா நம்பும், நீங்கள் ஷட்டர் வேகத்தைக் கூட்டுவீர்கள், நெகட்டிவ் மெலியும். ஆல்கலைன் போகப் போக இறங்குவதால் அந்தப் பிழையும் ஒரே அளவில் நிற்காது. பேட்டரி புதிதாக இருந்தபோது ஒரு மாதிரி, பழசானபோது ஒரு மாதிரி. உங்கள் எட்டு ரோலையும் பேட்டரி மாற்றிய தேதியோடு வைத்துப் பாருங்கள்.

(எல்லாக் கேமராவும் அப்படி இல்லை. சிலவற்றில் பிரிட்ஜ் சர்க்யூட் உண்டு, வோல்டேஜ் மாறினாலும் அளவு மாறாது. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் அந்த வகை.)

காது கேட்கும் கருவிக்குப் போடுகிற ஜிங்க்-ஏர் பேட்டரியை ஒரு வளையம் வைத்துப் போடுங்கள். ஏறக்குறைய சரியான வோல்டேஜ், அதிலேயே நிற்கும். சில வாரத்தில் தீர்ந்துபோகும், அது ஒன்றுதான் தொல்லை.

#12 நடைவண்டி

பத்துப் பதிவு ஃபிலிம் பற்றிப் பேசி, கடைசியில் பேட்டரி. இந்தத் தளத்தின் தலையெழுத்து.

#13 சணல்பை

நான் ஒரு சோதனை செய்தேன், சொல்லிவிடுகிறேன். ஒரே செங்கல் சுவர், ஒரே வெயில், ஒரே ரோல். மீட்டர் சொன்னபடி ஒன்று, பிறகு ஒரு ஸ்டாப், இரண்டு, மூன்று கூட்டி ஒவ்வொன்று. ஸ்கேன் வந்தபோது நாலும் ஒரே மாதிரி! வெளிச்சத்தைக் கூட்டினால் பேஸ்டல் நிறம் வரும் என்றார்களே, எங்கே என்று தேடினேன். அப்புறம்தான் புரிந்தது. ஸ்கேனர் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சரி செய்து கொடுத்துவிட்டது. நெகட்டிவைப் பார்த்தால் ஒன்றைவிட ஒன்று கெட்டி.

அந்த நாலில் ஒரே வித்தியாசம் கிரெயின். ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் கூட்டிய படங்களில் நிழல் வழவழப்பாக இருந்தது.

அடுத்து அதே நெகட்டிவை இரண்டு லேபில் கொடுத்தேன். ஒரு இடத்தில் நோரிட்சு ஸ்கேனர், இன்னொரு இடத்தில் ஃபூஜி ஃப்ரான்டியர். சுவர் ஒன்றில் ஆரஞ்சு, ஒன்றில் ரோஜாச் சிவப்பு. கோல்டையும் அல்ட்ராமேக்ஸையும் ஒரே லேபில் கொடுத்தபோதுகூட இவ்வளவு வித்தியாசம் வரவில்லை.

#14 நெகட்டிவ்_பெட்டி

மெஷின் வித்தியாசத்தைவிட மெஷின் முன்னால் உட்கார்ந்த ஆளின் வித்தியாசம் என்பேன். ஆனால் சரி, சோதனை நல்ல சோதனை.

#15 இருட்டறை_ஆள்

ஆள்தான். எங்கள் மெஷினில் நிறத்துக்கு மூன்று சாவி இருக்கும், சயான் (நீலப்பச்சை), மெஜந்தா (ஊதாச் சிவப்பு), மஞ்சள். அடர்த்திக்கு ஒரு சாவி. படம் திரையில் வரும், ஒரு நொடி பார்ப்போம், மெஜந்தா ஒன்று, அடர்த்தி இரண்டு, அடுத்தது. சாயங்காலம் எடுத்த படத்தை எல்லாம் நடுப்பகல் ஆக்கிக் கொடுத்த பாவம் எனக்கும் உண்டு. மெஷின் தானாகவே அதைத்தான் செய்யும், எதைப் பார்த்தாலும் சராசரிச் சாம்பலுக்கு இழுக்கும். மாலைவெயில், உங்கள் பெயரிலேயே இருக்கிற அந்த மஞ்சள் வெளிச்சம் வேண்டும் என்றால் லேபில் வாயைத் திறந்து சொல்லுங்கள். "வெயிலை வெளுக்க வைக்காதீர்கள்" என்று ஒரு சீட்டு எழுதி வைத்தாலே போதும்.

சணல்பை கவனித்த வழவழப்புக்குக் காரணம் உண்டு. கழுவிய கலர் நெகட்டிவில் வெள்ளி இருக்காது, ப்ளீச்சும் ஃபிக்சரும் அதை எடுத்துவிடும். வெள்ளி இருந்த இடத்தில் உருவான சாயப் புள்ளிகள்தான் மிச்சம். வெளிச்சம் கூடக்கூட அந்தப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து இடைவெளியை மூடிவிடும். அதனால்தான் 400 ஃபிலிமைப் போட்டு கேமராவின் ஃபிலிம் வேக டயலில் 200 என்று வைத்து எடு, ஒரு ஸ்டாப் கூடக் கிடைக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வது. கழுவும்போது எதையும் மாற்றச் சொல்லக்கூடாது, வழக்கம்போலக் கழுவ வேண்டும்.

#16 மாலைவெயில்

ஆரஞ்சுப் பட்டை என்று சொன்னேனே, அது ஏன் எல்லா ஃபிலிமிலும் இருக்கிறது? ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது.

#17 நெகட்டிவ்_பெட்டி

சாயங்கள் சுத்தமானவை இல்லை என்பதால். மெஜந்தாச் சாயம் பச்சையை மட்டும் தடுக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் நீலத்தையும் விழுங்கிவிடும். சயான் சாயத்துக்கும் இதே போன்ற கெட்ட பழக்கம். இதை அப்படியே விட்டால் பிரிண்டில் நிறம் அழுக்காகும். அதனால் சாயம் ஆகப்போகும் கப்ளர் என்ற பொருளுக்கே முன்கூட்டி நிறம் கொடுத்துவிட்டார்கள். சாயம் உருவாகாத இடத்தில் அந்த நிறம் அப்படியே தங்கும், உருவான இடத்தில் மறையும். பிழை படம் முழுக்க ஒரே அளவாகிவிடுவதால் பிரிண்ட் போடும்போது மொத்தமாகக் கழித்துவிடலாம். கழிக்கக் காத்திருக்கும் அந்த நிறம்தான் நீங்கள் பார்க்கிற ஆரஞ்சு. 1942-ல் கோடாகலர் வந்தபோது இது கிடையாது, சில வருடம் கழித்துத்தான் வந்தது.

இது இல்லாமல் இன்று ஒரு ஃபிலிம் பார்க்க வேண்டும் என்றால் ஹார்மன் 2023 கடைசியில் கொண்டுவந்த ஃபீனிக்ஸ் 200 இருக்கிறது. காரமான கான்ட்ராஸ்ட், விளக்கைச் சுற்றி சிவப்பு வட்டம். வேடிக்கைக்கு எடுக்கலாம். எக்ஸ்போஷர் தவறினால் மன்னிக்காது, பேட்டரி சரியாகிற வரை நீங்கள் அதன் பக்கமே போகாதீர்கள்.

#18 காற்றாடி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஃபூஜியை ஒருவருமே சொல்லவில்லையே? நான் ப்ரோ 400ஹெச் ஆள். அந்தப் பச்சை மாதிரி, இலை மேல் விழுகிற வெளிச்சம் மாதிரி, வேறு எதிலும் வரவில்லை. 2021 ஜனவரியில் நிறுத்துகிறோம் என்று அறிவித்த அன்று ஃபிரிட்ஜைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. இன்னும் மூன்று இருக்கிறது, தொட மனம் வரவில்லை.

#19 ஐம்பது_எம்எம்

தொடுங்கள் ஐயா. வைத்திருந்தால் மட்டும் இளமையாகவா இருக்கும்? பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டு என்பது பழைய ஃபிலிமுக்கு உள்ள கணக்கு. ஃபிரிட்ஜில் இருந்ததால் உங்களுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் ஃபிலிம் மேல் வியர்க்கும்.

#20 நடைவண்டி

காற்றாடிக்கு ஒரு எச்சரிக்கை. அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு விமானத்தில் போனால் கையோடு வைத்துக்கொண்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சில இடங்களில் கைப்பைக்கே இப்போது சிடி ஸ்கேனர் வந்துவிட்டது. பழைய எக்ஸ்ரே மாதிரி இல்லை இது, ஒரு தடவை போனாலே ஃபிலிம் மூடுபனி பிடித்துவிடும். நான் ஒருமுறை கேட்கக் கூச்சப்பட்டு நாலு ரோலை உள்ளே விட்டேன். கறுப்பு என்று ஒன்று அந்தப் படங்களில் இல்லவே இல்லை.

#21 மாலைவெயில்

ஆறு வாரம் கழித்து வருகிறேன். ஜிங்க்-ஏர் பேட்டரி, அல்ட்ராமேக்ஸ் 400 மூன்று ரோல், டயலில் 200. ஒரே லேப், ஒரே சீட்டு. சீட்டைப் படித்துவிட்டு கவுன்டரில் இருந்தவர் சிரித்தார், ஆனால் செய்து கொடுத்தார்.

மூன்று ரோலும் கெட்டி நெகட்டிவ். இதை எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது. கொடியில் துணி காயும் படத்தில் வெள்ளைச் சட்டையின் நிழல் மடிப்புக்குள்கூட நூல் தெரிகிறது. பூனை மீது விழுந்த வெயில் வெயிலாகவே இருக்கிறது. தேன் அளவுக்கு இல்லை, ஆனால் நான் அன்றைக்குப் பார்த்தது இதுதான்.

மகள் வெளியே எடுத்த படங்களில் நன்றாக இருக்கிறாள். இரவில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த ஆறு படங்களும் பச்சை, நெகட்டிவ் கெட்டியாக இருந்தும்.

#22 இருட்டறை_ஆள்

அது உண்மையான பச்சை. ட்யூப்லைட் வெளிச்சமே அப்படித்தான், நம் கண்தான் நமக்கு வெள்ளை என்று சொல்லிவிடுகிறது. லேபில் மெஜந்தா கூட்டச் சொல்லுங்கள், பாதி சரியாகும். ட்யூப்லைட்டுக்கென்றே லென்ஸ் முன்னால் போடும் எஃப்எல்-டி ஃபில்டர் போட்டால் இன்னும் நன்றாகும், ஆனால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சம் தின்னும். உங்களிடம் கொடுக்க ஸ்டாப் இல்லை.

#23 நெகட்டிவ்_பெட்டி

டயலை 200-ல் வைத்ததால்தான் அந்த ஸ்டாப் இல்லாமல் போனது. இரவில் மட்டும் 400-க்குத் திருப்புங்கள், ஒரே ரோலில் மாற்றினால் ஒன்றும் ஆகாது. அல்லது போர்ட்ரா 800.

#24 மாலைவெயில்

ஒரு வருடம் ஒரே ஃபிலிம் என்று சொல்லிவிட்டேன், இப்போதே 800-ஐக் காட்டாதீர்கள். பாட்டி வீட்டில் கழற்றிப்போட்ட பழைய மேஜை விளக்கு ஒன்று இருக்கிறது, குண்டு பல்புடன். நாளை ராத்திரி ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு அதன் பக்கத்தில் அவளை உட்கார வைத்துப் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் உட்காருவாளா என்பதுதான் சந்தேகம்.

#25 ஐம்பது_எம்எம்

ஆரஞ்சாக வரும். பிடித்திருந்தால் சீட்டில் எழுத வேண்டியதே இல்லை.